புதுப்பிப்பு: ரெண்டு வயசு பாப்பாவுக்கு மேல் முன்பல்லுல வெள்ளைக் கோடு, பழுப்பு குழி

பதில் போட்ட எல்லாருக்கும் தேங்க்ஸ். பால்பல்லுதானே, விழுந்துடும்னு விட்டுடலாமான்னு கேட்டிருந்தேன்ல, விடக்கூடாதாம். குழந்தைங்க பல் டாக்டர் உதட்டைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாத்தாங்க, ஈறு ஓரத்து வெள்ளைக் கோடுதான் சொத்தையோட ஆரம்பம், அது திரும்பக் கெட்டியாக சான்ஸ் இருக்குன்னு ஃப்ளூரைடு வார்னிஷ் அடிச்சுவிட்டாங்க, 3 மாசத்துக்கு ஒருதடவை வரணும். குழி விழுந்த பல்லுக்கு மட்டும் சில்வர் டயமின் ஃப்ளூரைடு (சொத்தையை மேல பரவாம நிறுத்துற மருந்து), ட்ரில்லும் இல்ல ஊசியும் இல்ல, ஒரு சொட்டு தடவினதோட சரி. எதிர்பாக்காதது என்னன்னா சொத்தை இருந்த இடம் கரியா கறுத்துடும் (சொல்லிட்டுதான் போட்டாங்க, மாமியாரைச் சமாளிக்கிறதுதான் பெரும்பாடு). அடுத்த செக்கப்ல தட்டிப் பாத்தப்போ கெட்டியா இருந்துச்சு, சொத்தை பரவல.

இங்க சொன்னதுல நிஜமா வேலை செஞ்சது, ராத்திரி பாட்டில் பால்ல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி கூட்டிக் கடைசில வெறும் தண்ணியாக்குற ஐடியா. தூங்குறப்ப எச்சில் கம்மியா ஊறும், அந்த நேரத்துல வாயில தங்குற பாலோட சர்க்கரையை ம்யூட்டன்ஸ்ங்கிற சொத்தை உண்டாக்குற பாக்டீரியா ஆசிடாக்கிட்டே இருக்குமாம். கீழ்ப்பல்லு ஏன் தப்பிச்சுதுன்னு கேட்டவருக்கு: நாக்கு மூடிக்குது, எச்சிலும் அங்கதான் தேங்குது. பேஸ்ட் 1000 பிபிஎம் ஃப்ளூரைடு, ஒரு அரிசி அளவு. கிராம்புத் தைலம் சொன்னவங்க கோச்சுக்காதீங்க, இந்த வயசுக்கு வேண்டாம்னுட்டாங்க.