18 முடிந்து இல்லத்தை விட்டு வரும் பையனுக்கு அரசு உதவி உண்டா?

பாலக்கோட்டுக்காரன்:
தருமபுரி பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பையன், லீவு நாட்களில் எங்கள் பட்டறைக்கு வேலை கற்றுக்கொள்ள வருவான். சீக்கிரமே 18 முடியப்போகிறது, அதோடு வெளியே போகச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்துபோய் இருக்கிறான். பாலிடெக்னிக் சேர ஆசை. வாடகைக்கு, சாப்பாட்டுக்கு ஏதாவது கிடைக்குமா?

ஓசூர் அக்கா:
கிடைக்கும் தம்பி. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 46 இதற்குத்தான். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பிற்காப்பு உதவி (இல்லத்தை விட்டு வந்தபிறகு தரும் உதவி) மாதம் 4,000 ரூபாய், 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்கலாம். வெளியே வந்தபிறகு அலைய வேண்டாம், இல்லத்தில் இருக்கும்போதே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்கட்டும்.

காவேரிப்பட்டணம்:
அப்புறம் ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் எல்லாம் இப்போதே கையில் வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் கல்லூரியில் ரொம்பக் கஷ்டம். அரசு பாலிடெக்னிக் என்றால் விடுதியும் கேளுங்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
சரிங்க அக்கா, திங்கட்கிழமை நானே கூட்டிப் போகிறேன்.