போர்க்கப்பல் கேம்ல ஆராய்ச்சி விதிகள்: 1899லயே ட்ரெட்நாட் வந்துடுது, என்ன பண்ணலாம்?

பாய்மரம்:

வணக்கம் மக்களே. நானும் ஃப்ரெண்ட் ஒருத்தனும் சேர்ந்து 1890ல ஆரம்பிச்சு 1922 வாஷிங்டன் ஒப்பந்தத்தோட (பெரிய நாடுகளோட போர்க்கப்பலுக்கு வரம்பு போட்டது) முடியுற மாதிரி ஒரு கப்பற்படை கேம் பண்ணிட்டு இருக்கோம். கப்பல் டிசைன், பட்ஜெட், சண்டை எல்லாம் ஓரளவுக்கு கைகூடி வந்துடுச்சு, ஆராய்ச்சி பகுதிதான் உதைக்குது. இப்போ இருக்குறது சாதா டெக் ட்ரீ. மாசாமாசம் பட்ஜெட்ல ஒரு பங்கு ஒதுக்குறோம், புள்ளி சேருது, நிறைஞ்சதும் அடுத்த பெட்டி திறக்குது.

பிரச்சனை என்னன்னா டெஸ்ட் பண்ற எல்லாரும் ஒரே வேலையத்தான் செய்றாங்க. மத்த துறையெல்லாம் பட்டினி கிடக்கட்டும்னு விட்டுட்டு "எல்லாமே பெரிய பீரங்கி" பெட்டிக்கு மொத்த காசையும் கொட்டுறாங்க, 1899லயே ட்ரெட்நாட் (1906ல பிரிட்டன் முடிச்ச, பெரிய பீரங்கியா நிறைஞ்ச போர்க்கப்பல்) மாதிரி கப்பல் தண்ணில இறங்கிடுது, அதுக்கப்புறம் எதிர்ல நிக்க ஆளே இல்ல, கேம் அங்கயே முடிஞ்ச மாதிரிதான். சரின்னு வருஷப் பூட்டு போட்டுப் பாத்தோம், 1905க்கு முன்னாடி அந்தப் பெட்டி திறக்காதுன்னு. அதுல ஆராய்ச்சிங்குற விஷயமே செத்துப் போச்சு, எல்லாரும் காலண்டரப் பாத்துட்டு உக்காந்துருக்காங்க.

வரலாறு அப்படியே நடக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. ப்ளேயர் புத்திசாலியா இருந்தா முந்தட்டும், ஆனா எதுக்காக முந்துனான்னு ஒரு காரணம் இருக்கணும். இதுக்கு விதி எப்படி எழுதுறது? இந்த மாதிரி கேம் டிசைன் பண்ணவங்க, கப்பல் வரலாறு தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

நீராவிமண்டை:

ப்ரோ, ட்ரெட்நாட்ட ஒரு டெக்னாலஜியா பெட்டில போட்டதுதான் சிக்கலே. அது ஒரு கண்டுபிடிப்பு கிடையாது. இத்தாலிக்காரர் குனிபெர்ட்டி 1903லயே பன்னெண்டு இன்ச் பீரங்கியா மட்டும் வெச்சு ஒரு கப்பல் கட்டலாம்னு கட்டுரை எழுதிட்டார், அமெரிக்கா 1905ல சவுத் கரோலினாவுக்கு அனுமதி குடுத்துடுச்சு, ஜப்பான் சட்சுமா கப்பலுக்கு 1905 மே மாசமே அடிக்கட்டை போட்டாச்சு. பிரிட்டன் ட்ரெட்நாட்ட ஆரம்பிச்சது அந்த வருஷம் அக்டோபர்ல. யோசனை எல்லார் மேசை மேலயும் இருந்துச்சு. அப்புறம் ஏன் ட்ரெட்நாட் முந்துச்சு? சட்சுமாவுக்கு பன்னெண்டு இன்ச் பீரங்கி போதுமான அளவு கிடைக்கல, காசும் இல்ல, கடைசில நாலு பன்னெண்டு இன்ச்சும் மீதி பத்து இன்ச்சுமா கட்டுனாங்க. பிரிட்டன் என்ன பண்ணுச்சுன்னா லார்ட் நெல்சன், அகமெம்னான் ரெண்டு கப்பலுக்கும் ஆர்டர் குடுத்திருந்த பீரங்கியையும் டர்ரெட்டையும் (பீரங்கி உக்காந்து சுத்துற கவச மேடை) எடுத்து இதுல மாட்டிடுச்சு, 1906 டிசம்பர்ல கப்பல் ரெடி, அந்த ரெண்டும் 1908 வரைக்கும் இழுத்துச்சு. இது ஆராய்ச்சில ஜெயிச்ச கதை இல்ல, தொழிற்சாலைல ஜெயிச்ச கதை.

அதனால அந்தப் பெட்டியத் தூக்கிக் கடாசுங்க. முதல் நாள்ல இருந்தே ப்ளேயர் எத்தன பெரிய பீரங்கி வேணா வெக்கலாம்னு விட்டுடுங்க. ஆனா 1899ல அப்படிக் கட்டுனா அது மோசமான கப்பலா இருக்கணும், உண்மையிலயே அப்படித்தான் இருந்துருக்கும். அந்தக் காலத்துல பயிற்சிச் சுடுறதே ரெண்டாயிரம் கெஜம் மாதிரி தூரத்துலதான். அவ்ளோ கிட்டக்க நின்னு சண்டை போட்டா வேகமா சுடுற ஆறு இன்ச் பீரங்கி மழை மாதிரி கொட்டும், பன்னெண்டு இன்ச் ஒரு ரவுண்டு போட்டு அடுத்தத லோட் பண்றதுக்குள்ள எதிரி மேல்தளத்த சல்லடையாக்கிடுவான். பெரிய பீரங்கி லாபமாகுறது தூரம் கூடுனாதான், தூரம் கூடணும்னா ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்குற கருவி) வேணும், தண்ணில விழுற குண்டோட தெறிப்பப் பாத்து திருத்துற முறை வேணும், அப்பதான் எல்லாப் பீரங்கியும் ஒரே அளவுல இருக்குறது கை குடுக்கும், எந்தத் தெறிப்பு எந்தப் பீரங்கியோடதுன்னு குழப்பம் வராது. ஆக நீங்க கவனிக்க வேண்டியது சுடும் கட்டுப்பாட்டுத் துறை. அதுல முன்னேறாம பெரிய பீரங்கி கட்டுனவன் முதல் சண்டையிலயே தெரிஞ்சுக்குவான், பூட்டே தேவை இல்ல.

அந்தத் துறைக்குள்ளயே பெரிய பெரிய பாய்ச்சல் இருக்கு. 1912 நவம்பர்ல பிரிட்டிஷ் அட்மிரல் பெர்சி ஸ்காட்டோட டைரக்டர் முறைய (எல்லாப் பீரங்கியையும் ஒரே இடத்துல இருந்து குறி பாத்து சுடுறது) தண்டரர் கப்பல்ல வெச்சு, அது இல்லாத ஓரியன் கூட போட்டி வெச்சாங்க. ரெண்டும் ஒரே வகைக் கப்பல், அதே பீரங்கி. தண்டரர் ஆறு மடங்கு அடி போட்டுச்சு. வெளிய இருந்து பாத்தா ரெண்டு கப்பலுக்கும் வித்தியாசமே தெரியாது!

பாய்லர்ரூம்:

நான் மெர்ச்சண்ட் நேவில எஞ்சின் பக்கம் இருக்குற ஆளு, அதனால எஞ்சின் பத்தி மட்டும் சொல்றேன். தயவு செஞ்சு "டர்பைன் = ரெசிப்ரோகேட்டிங் எஞ்சினோட அடுத்த லெவல்"னு போட்றாதீங்க (டர்பைன்ல நீராவி தகடுகளச் சுத்த வைக்கும், பழைய ரெசிப்ரோகேட்டிங்ல பிஸ்டன் மேலயும் கீழயும் ஓடும்), பாதி கேம்ல அப்படித்தான் இருக்கு, பாத்தாலே வயிறு எரியுது.

டர்பைன் எஞ்சினியர் பார்சன்ஸ் 1897ல தன்னோட டர்பினியா கப்பல பிரிட்டிஷ் கடற்படையோட ஸ்பிட்ஹெட் அணிவகுப்புக்கு நடுவுல 34 நாட் (மணிக்கு 34 கடல் மைல்) வேகத்துல ஓட்டிக் காட்டுனது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதுக்கப்புறம் டர்பைன் போட்ட முதல் ரெண்டு டெஸ்ட்ராயர், வைப்பர், கோப்ரா, ரெண்டுமே 1901ல நாசமாப் போச்சு. எஞ்சின் மேல தப்பு இல்ல, ஒண்ணு பாறைல ஏறிடுச்சு, இன்னொண்ணு நடுவுல முறிஞ்சது, ஆனா ஒரு புது விஷயத்துக்கு அப்படி ஆனா அட்மிரல்களுக்கு நம்பிக்கை போகத்தானே செய்யும். அப்புறம் அமெதிஸ்ட்னு ஒரு க்ரூசர்ல டர்பைனப் போட்டு, பழைய எஞ்சின் இருந்த அதோட ஜோடிக் கப்பல்களோட ஓட விட்டுப் பாத்தாங்க. வேகமா ஓடுறப்போ டர்பைன் நிலக்கரிய மிச்சம் பிடிச்சுச்சு, மெதுவாப் போறப்போ கூடத் தின்னுச்சு. காரணம் சிம்பிள், டர்பைன் படு வேகமா சுத்துனாதான் ஒழுங்கா வேலை செய்யும், ப்ரொப்பெல்லருக்கு நிதானமா சுத்துனாதான் பிடி கிடைக்கும், நேரா ஒண்ணோட ஒண்ணு இணைச்சா ரெண்டுக்கும் நஷ்டம். நடுவுல கியர் வந்தப்புறம்தான் அது தீர்ந்துச்சு.

இதோட விளைவு பாருங்க. அமெரிக்கா 1910ல நார்த் டகோட்டால டர்பைன் போட்டுட்டு, அதுக்கப்புறம் 1914ல வந்த நியூயார்க், டெக்சஸ் ரெண்டுலயும் திரும்ப ட்ரிபிள் எக்ஸ்பான்ஷன் எஞ்சினுக்கே (பழைய பிஸ்டன் வகை) போச்சு, பசிபிக்கத் தாண்டணும்னா நிலக்கரி தாங்கணும்ல. உங்க கேம்ல பின்னாடி போறது புத்திசாலித்தனமான முடிவா இருக்க முடியுமா? முடியணும். அதுக்கு ஒவ்வொரு எஞ்சினுக்கும் "பவர்"னு ஒத்த நம்பர் பத்தாது: முழு வேகத்துல எரிபொருள், க்ரூஸ் வேகத்துல (வழக்கமா நிதானமா போற வேகம்) எரிபொருள், எடை, எடுத்துக்குற இடம், எவ்ளோ நேரம் பழுதில்லாம முழு வேகத்துல ஓடும், இவ்ளோவும் தனித்தனியா வேணும். இடம் ரொம்ப முக்கியம். ஜெர்மனியோட நாசாவ் கப்பல்ல ஆறு டர்ரெட்ட அறுகோணமா சுத்தி வெச்சதுக்கு, நடுவுல பழைய எஞ்சின் அடைச்சுக்கிட்டதும் ஒரு காரணம்.

கடைசியா சொன்ன அந்த "எவ்ளோ நேரம்" விஷயத்த விட்றாதீங்க. பேப்பர்ல 21 நாட்னு போட்டிருக்குற பழைய எஞ்சின் கப்பல முழு வேகத்துல மணிக்கணக்கா ஓட்டுனா எஞ்சின் ரூம் ஒரு குளியலறை மாதிரி ஆகிடும், பேரிங் சூடாகாம இருக்க தண்ணிய அடிச்சிட்டே இருப்பாங்க, அதிர்வுல எல்லாம் லூசாகும். டர்பைனோட நிஜமான வெற்றி அங்கதான்.

வடகடல்:

ரெண்டு பேரும் சொன்னது சரி. நான் சேக்குறது, உங்க விதில "தெரியும்"ங்குறதும் "வேலை செய்யும்"ங்குறதும் வேற வேறயா இருக்கணும்.

பிரிட்டிஷ் கவசம் துளைக்குற குண்ட எடுத்துக்கங்க. நேரா விழுந்தா பிரமாதம், பரிசோதனைத் திடல்லயும் அப்படித்தான் சுட்டுப் பாத்தாங்க. தூரத்துல இருந்து சுடுறப்போ குண்டு சாய்வா வந்துல்ல படும், சாய்வாப் பட்டா கவசத்துல முழுசா நுழையுறதுக்கு முன்னாடியே உடையும் இல்ல வெடிக்கும். பிரிட்டிஷ் அட்மிரல் ஜெல்லிக்கோ கண்ட்ரோலரா (கப்பல், தளவாடத்துக்குப் பொறுப்பான பதவி) இருந்தப்ப, 1910ல, சாய்வுக் கோணத்துலயும் துளைக்குற குண்டு வேணும்னு கேட்டார், அவர் பதவி மாறிப் போனதும் அது அப்படியே கிடப்புல போயிடுச்சு. ஆறு வருஷம் கழிச்சு ஜெர்மனியோட நடந்த ஜட்லாண்ட் கடற்சண்டைல அவரே தளபதியா நின்னு அதே குண்டத்தான் சுட வேண்டி வந்துச்சு. புதுக் குண்டு கப்பலுக்கு வந்து சேர்றதுக்குள்ள 1918. பணம் இல்லாம இல்ல, அறிவு இல்லாம இல்ல, யாரும் சரியான சோதனையச் செய்யல.

இதே மாதிரி அடிபட்டுக் கத்துக்குறதும் ஆராய்ச்சிதான். 1915 ஜனவரி டாகர் பேங்க் சண்டைல ஜெர்மன் கப்பல் சைட்லிட்ஸோட பின்பக்க ரெண்டு டர்ரெட்டும் எரிஞ்சு 150 பேருக்கு மேல செத்தாங்க. ஜெர்மன்காரங்க வெடிமருந்து கொண்டு போற வழில தீ இறங்காம இருக்க ஏற்பாடு பண்ணாங்க. பிரிட்டிஷ் பக்கம் அந்த அடி விழல, அவங்க கத்துக்கிட்டது "இன்னும் வேகமா சுடணும்"னு மட்டும்தான், அதுக்காக கதவத் திறந்து வெச்சு கார்டைட்ட (பீரங்கி வெடிமருந்து) வெளில அடுக்குனாங்க. 1916 மே 31, அதே ஜட்லாண்ட்ல, இன்டிஃபாட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள், மூணும் வெடிச்சுச் சிதறுச்சு, மூணாயிரத்துக்கும் மேல ஆளுங்க. இத விதியா எழுதுனா, சண்டைல எந்த மாதிரி சேதம் வாங்குறியோ அந்தத் துறைல இலவசமா புள்ளி கிடைக்கணும், வாங்காதவனுக்குக் கிடைக்கக் கூடாது.

கணக்குப்புலி:

வடகடல் அண்ணே சொல்ற மறைஞ்சிருக்குற குறை யோசனை எனக்கும் பிடிக்கும், ஆனா ஒரு எச்சரிக்கை. பகடை உருட்டி "உன் குண்டு மட்டம்"னு 1916ல சொன்னா ப்ளேயர் கேம அழிச்சுட்டுப் போயிடுவான். சோதனைக்குன்னு தனிக் கணக்கு வைங்க. ஆராய்ச்சிப் பணத்துல எவ்ளோ பங்கு புதுசு தேடுறதுக்கு, எவ்ளோ பங்கு இருக்குறத சோதிக்குறதுக்குன்னு ப்ளேயர் முடிவு பண்ணட்டும். சோதனைக்குக் கம்மி பண்ணா வேகமா முன்னேறலாம், குறை ஒளிஞ்சிருக்க வாய்ப்பு கூடும். உங்க காலத்துக்கு அப்புறம் நடந்ததுதான், ஆனா அமெரிக்காவோட மார்க் 14 டார்பிடோ இதுக்கு அப்படியே பொருந்தும், காச மிச்சம் பிடிக்க ஒழுங்கா சோதிக்காம விட்டாங்க, ஆழம் தப்பு, காந்த வெடிப்பான் தப்பு, அதத் திருத்துனா அதுக்கு அடியில ஒளிஞ்சிருந்த மோதல் வெடிப்பானும் தப்பு, எல்லாம் சரியாகுறதுக்குள்ள 1943 முடியப் போகுது.

இப்போ கணக்கு. மொத்த காசையும் ஒரே துறைல கொட்டுறதத் தடுக்க, புள்ளி பணத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி வரட்டும். நாலு மடங்கு செலவு பண்ணா ரெண்டு மடங்கு வேகம்தான். இது ஒண்ணே உங்க 1899 பிரச்சனைல பெரும்பகுதிய முடிச்சுடும்னு நினைக்கிறேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் தேவையான புள்ளிய கேம் ஆரம்பத்துலயே கால் பங்கு கூடவோ குறையவோ மாத்தி மறைச்சு வைங்க, அப்பதான் மனப்பாடமா விளையாட முடியாது.

அடுத்தது பரவுறது. வேற நாட்டுல ஒரு கப்பல் படைல சேர்ந்து ஆறு மாசம் ஆச்சுன்னா அந்தக் கட்டத்தோட விலைய 15 சதவீதம் குறைங்க, ரெண்டாவது நாடும் கட்டுனா இன்னும் குறைங்க. காசு குடுத்து வாங்குற வழியும் வேணும். ஜெர்மன் கம்பெனி க்ரூப்போட கவசம் லைசென்ஸ்லதான் எல்லா நாட்டுக்கும் போச்சு. ஜப்பான் கொங்கோ கப்பல பிரிட்டன்ல விக்கர்ஸ் கம்பெனிகிட்ட கட்ட வெச்சு, அதே டிசைன்ல ஹியெய், ஹருனா, கிரிஷிமா மூணையும் சொந்த ஊர்லயே கட்டிக்கிட்டாங்க. சின்ன நாட்ட எடுத்து விளையாடுறவனுக்கு இதுதான் சுவாரஸ்யமே, இத மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டிடாதீங்க.

பாய்மரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. பெட்டியத் தூக்குறதுன்னு முடிவு பண்ணிட்டோம், சண்டை தூரத்த சுடும் கட்டுப்பாட்டுத் துறையோட இணைக்குறதுதான் முதல் வேலை. எஞ்சினுக்கு அஞ்சு நம்பரும் போடுறோம். ஒரு சந்தேகம் மட்டும்: துறைமுகம், டாக் இதெல்லாம் ஆராய்ச்சிக்குள்ள வருமா, இல்ல தனியா பட்ஜெட்ல வெக்கணுமா?

நீராவிமண்டை:

தனியா வைங்க, கண்டிப்பா வைங்க. நாசாவ் கப்பல் பால்டிக்கையும் வடகடலையும் இணைக்குற கீல் கால்வாய்க்குள்ள அப்போ நுழையாது, அகலம் ஜாஸ்தி. ஜெர்மனி 1907ல கால்வாய அகலப்படுத்த ஆரம்பிச்சு 1914 ஜூன்லதான் முடிச்சுச்சு, அதுவரைக்கும் பெரிய கப்பல் பால்டிக்ல இருந்து வடகடலுக்கு டென்மார்க்க சுத்திதான் வரணும். அதனால கப்பல் அகலத்துக்கு ஒரு வரம்பு, அதத் தாண்டணும்னா டாக்குக்கும் கால்வாய்க்கும் பல வருஷ செலவு, நடுவுல நிறுத்துனா போட்ட காசு போச்சு. ஆராய்ச்சில எவ்ளோ முந்துனாலும் அந்த வரம்புக்குள்ளதான் டிசைன் ஸ்க்ரீன் விடணும். இதப் போட்டுட்டு பில்ட் குடுங்க, நான் ஜெர்மனி எடுத்து விளையாடிப் பாத்துட்டு சொல்றேன்.