புதுசா வந்த பால் பைதான் (ball python) பாம்பு தண்ணிக் கிண்ணத்துலயே கிடக்கு, இரை எடுக்கலை

செக்காலை:
வணக்கம். ஊர் மாறிப் போறவங்ககிட்டருந்து ஒரு பால் பைதான் எங்க காரைக்குடி வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆகப்போகுது. ஆண், வயசு ரெண்டு, எடை 650 கிராம். 3 அடிக்கு 1.5 அடி கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை மூடி, மாடி ரூம்ல வச்சிருக்கு. 60 வாட் சிவப்பு பல்பு ராவும் பகலும் எரியுது. தெர்மோஸ்டாட் (சூடு அளவைத் தாண்டுனா தானா அணைக்கிற கருவி) இல்லை. கீழே நியூஸ் பேப்பர். நடுவுல பெரிய மண்சட்டி ஒண்ணைக் கவுத்து வச்சிருக்கோம். கண்ணாடியில ஒட்டுற டயல் மீட்டர் 33 காட்டுது.
பகல் பூரா தண்ணிக் கிண்ணத்துல சுருண்டு கிடக்கு. ராத்திரி மூக்கைக் கண்ணாடியில தேய்ச்சுக்கிட்டே சுத்துது. வந்த நாள்லருந்து ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா எலி காட்டுறோம், முகத்தைத் திருப்பிக்குது. பட்டினியில போயிருமோன்னு வீட்ல எல்லாருக்கும் கவலை. என்ன மாத்தணும்?

கண்டனூர்க்காரன்:
பட்டினியால இப்போதைக்கு ஆபத்து இல்லை. சூட்டாலதான் ஆபத்து. முதல் வேலையா அந்த பல்பை அணைச்சிருங்க.

பால் பைதானுக்குத் தொட்டியோட ஒரு பக்கம் 31–33 டிகிரியும் எதிர்ப்பக்கம் 25–27 டிகிரியும் இருக்கணும். உடம்புச் சூட்டைச் சரிபண்ணிக்க அது இந்த ரெண்டுக்கும் நடுவுல நகர்ந்துக்கிட்டே இருக்கும். உங்க தொட்டியில குளிர்ச்சியான மூலையே கிடையாது. டயல் மீட்டர் கண்ணாடி மேல்பாகத்துக் காத்தைத்தான் காட்டும், பாம்பு படுக்குற தரையைக் காட்டாது. அதுலயும் பிழை அதிகம். சித்திரை வெயில்ல காரைக்குடி மாடி ரூம் மத்தியானம் 35-ஐத் தொடும், அதுக்கு மேல பல்பு வேற. வேற வழியில்லாமத்தான் தண்ணிக்குள்ள போய்க் கிடக்கு. அந்தச் சிவப்பு வெளிச்சமும் பாம்புக்குத் தெரியாம இல்லை, ராத்திரி அதுக்குப் பகல் மாதிரிதான்.

தொட்டியைக் கீழே இறக்குங்க. பழைய வீடுன்னா வளவை (நடு முத்தத்தை)ச் சுத்தி இருக்குற அறைகள்ல ஒண்ணு ரொம்பத் தோது: கனத்த சுவர், ஒரே கதவு, ஆத்தங்குடிக் கல் தரை. முத்தத்து வெயில் எந்த நேரத்துலயும் கண்ணாடியில படக்கூடாது. கண்ணாடிக்குள்ள நேர் வெயில் அரை மணி நேரம் விழுந்தாலே பாம்பு செத்துரும்.

பல்புக்குப் பதிலா ஹீட் மேட் (கரண்டுல சூடாகுற தட்டை விரிப்பு). தொட்டிக்கு வெளியே, அடியில மூணுல ஒரு பங்குக்கு மட்டும். தெர்மோஸ்டாட் இல்லாம மாட்டவே வேண்டாம், வயித்துச் செதில் வெந்துரும். தெர்மோஸ்டாட்டோட சென்சாரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒட்டுங்க. உள்ளே போட்டா பாம்பு நகர்த்திரும், இல்லாட்டி தண்ணி கொட்டி நனைஞ்சுரும். அப்போ மேட் அணையாம ஏறிக்கிட்டே போகும். தொட்டியோட நாலு மூலைக்கும் ஒரு செ.மீ. உயரத்துக்கு ரப்பர் கால் வைங்க. அடியில சூடு தேங்குனா கண்ணாடி விரிசல் விடும். கடைசியா உள்தரையில இன்ஃப்ராரெட் கன் (தொடாமலே சூடு அளக்குற கருவி) பிடிச்சு 32 வருதான்னு பார்த்து செட்டிங்கைத் திருத்துங்க. மே மாசத்துல மேட் பாதி நாள் தானாவே அணைஞ்சு கிடக்கும், அது பழுது இல்லை. குளிர் பக்கம் 30-ஐத் தாண்டுனா, ஐஸ் பாட்டிலைத் துணியில சுத்தி அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே சாய்ச்சு வைங்க. உள்ளே வைக்காதீங்க.

தேவகோட்டை ரஸ்தா:
அண்ணே சொன்னது சரி. ஆனா தண்ணியில கிடக்குறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் பார்த்துருங்க: உண்ணி. தொட்டியை இடம் மாத்தும்போது ஈரமான வெள்ளை டிஷ்யூவால உடம்பை ஒருதரம் நீவுங்க. தாடைக்கு அடியிலயும் கண்ணைச் சுத்தியும் பாருங்க. கடுகுல பாதி அளவுக்குக் கறுப்புப் புள்ளி இருந்தாலோ, கிண்ணத்து அடியில மிளகுத்தூள் கொட்டுன மாதிரி தெரிஞ்சாலோ அது உண்ணிதான். வேப்பெண்ணெய், நாய்க்கு அடிக்கிற ஸ்ப்ரேன்னு எதையும் கேட்டுப் பூசாதீங்க, டாக்டர்கிட்டயே போங்க.

இன்னொண்ணு, பேப்பர் வேலை. பால் பைதான் ஆப்பிரிக்கப் பாம்பு, சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியல்ல இருக்கு. 2024 விதிப்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள்ள மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் 2.0 இணையதளத்துல பதியணும். கொடுத்தவங்களோட பதிவு நகலையும் கேட்டு வாங்குங்க. இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும்: நம்ம ஊர்ச் சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு எதையும் வீட்ல வளர்க்க 1972 வனவிலங்குச் சட்டம் விடாது.

செக்காலை:
நன்றி. டிஷ்யூவுல துடைச்சுப் பார்த்தேன், புள்ளி ஒண்ணும் இல்லை. பதிவு நகல் கேட்டிருக்கேன். கீழே இறக்கியாச்சு. தரைக்கு மரத்தூள் போடலாமா, கோக்கோபீட்டா (தேங்காய் நார்த்தூள்)? எவ்வளவு வேணும்? கீழே எறும்பும் இருக்கு.

நெற்குப்பை:
தச்சுப்பட்டறை மரத்தூள் வேண்டாம். எந்த மரம்னு தெரியாது, தூசி நுரையீரலுக்கு ஆகாது. கோக்கோபீட் நல்லது. 650 கிராம் கட்டி ரெண்டு போதும். கட்டிக்கு நாலு லிட்டர் தண்ணி ஊத்தினா எட்டு ஒன்பது லிட்டர் அளவுக்கு உப்பும். உப்புத்தன்மை இருக்கும்ங்கிறதால ரெண்டு மூணு தண்ணியில அலசிப் பிழிங்க. கையில இறுக்குனா சொட்டாம, விட்டா பொலபொலன்னு உதிரணும், அதுதான் பதம். குளிர் பக்கம் 5 செ.மீ. பரப்புங்க. மேட் இருக்குற பக்கம் ஒன்றரை செ.மீ.க்கு மேல வேண்டாம். தடிமனாப் போட்டா மேலே சூடு வராது, பாம்பு தோண்டிக்கிட்டு சூட்டுக் கண்ணாடியில போய்ப் படுத்துக்கும்.

ராத்திரி மூக்கைத் தேய்க்கிறது ஒளிய இடம் இல்லாததால. பெரிய சட்டி உதவாது. ரெண்டு பக்கமும் உடம்பு உரசி அடையுற அளவுதான் அதுக்குப் பாதுகாப்பு. சின்ன மண்சட்டி ரெண்டு வாங்கி, விளிம்புல பாம்போட பருமனுக்கு ஒன்றரை மடங்கு வாசல் அறுத்து, உப்புத்தாள் போட்டு மழுமழுன்னு ஆக்குங்க. சூட்டுப் பக்கம் ஒண்ணு, குளிர் பக்கம் ஒண்ணு. ஒண்ணு மட்டும் வச்சா சூடா ஒளிவிடமான்னு அது தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், ஒளிவிடத்துக்காக உடம்பைக் கெடுத்துக்கும். தொட்டியோட மூணு பக்கம் வெளியே கறுப்புச் சார்ட் ஒட்டுங்க. வலை மூடியில முக்கால் பங்கை அக்ரிலிக் தகடால மூடுங்க, ஈரப்பதம் 55–65 சதவீதத்துல நிக்கும். மூடிக்குக் கண்டிப்பா கிளிப் போடுங்க, பாம்பு தலையாலயே தூக்கிரும்.

எறும்புக்கு மேசைக் கால்களைத் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்துங்க. எறும்பு சாக்பீஸ், கொசு லிக்விட், பூச்சி ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில வேண்டாம், அதுல இருக்குற மருந்து பாம்புக்கு விஷம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் அந்த அறைக்கு வேண்டாம்னு வீட்ல ஆச்சிகிட்ட சொல்லி வைங்க.

கண்டனூர்க்காரன்:
இரை விஷயம். இன்னைலருந்து ஏழு நாள் தொடக்கூடாது, இரை காட்டவும் கூடாது. தண்ணி மாத்துறது, எச்சம் எடுக்குறது மட்டும். அடிக்கடி காட்டக் காட்ட, எலி வாசனையையே தொந்தரவா எடுத்துக்கும்.

முன்னால வச்சிருந்தவங்ககிட்ட நாலு கேள்வி கேளுங்க: சுண்டெலியா பெரிய எலியா, உறைஞ்சதா உயிரோடயா, என்ன எடை, எந்த நேரம். முதல் இரை அதே மாதிரி இருக்கட்டும். இந்த எடைக்கு 50 கிராம் எலி சரியா இருக்கும், பாம்போட பருத்த இடத்தைவிடத் தடிக்கக் கூடாது. உறைஞ்சதை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சு இளக்கி, கவர்ல போட்டு 40 டிகிரி தண்ணியில இருபது நிமிஷம். கொதிதண்ணி, மைக்ரோவேவ் ஆகாது, வயிறு வெடிச்சுரும். விளக்கை அணைச்சப்புறம் இடுக்கியால பிடிச்சு ஒளிவிடத்து வாசல்ல காட்டுங்க. அரை மணி நேரத்துல எடுக்கலைன்னா எலியை எடுத்து எறிஞ்சுட்டு, அடுத்து ஏழு பத்து நாள் கழிச்சுத்தான். வீட்டு எலியைப் பிடிச்சுப் போடாதீங்க, எலிமருந்து தின்னதா இருந்தா பாம்பும் போயிரும். இரை எடுத்தப்புறம் 48 மணி நேரம் தூக்காதீங்க, கக்கிரும்.

கண் நீலம் பூத்துட்டா தோல் உரிக்கப் போகுது, அப்போ தின்னாது. ஈரப்பதத்தை 70-க்கு ஏத்துங்க. தொட்டி சுத்தம் பண்ணுற அன்னைக்குத் துணிப்பையில விட்டுக் கிச்சன் தராசுல நிறுத்து எழுதி வைங்க. எடை நிக்கிற வரைக்கும் சில வாரம் சாப்பிடாட்டாலும் பரவாயில்லை. 585 கிராமுக்குக் கீழ இறங்குனா, வாயைத் திறந்து மூச்சு விட்டா, மூக்குல குமிழி வந்தா, காத்திருக்காதீங்க. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போன் பண்ணி, ஊர்வன பார்க்குற டாக்டர் என்னைக்கு இருப்பார்னு கேட்டுக்கிட்டுக் கிளம்புங்க.