முன்னிலையாக்கம்: புதியவர்களுக்குப் புரியும் சொல் எது?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

சென்ற சனிக்கிழமை மதுரையில் ஒரு கல்லூரியின் கணினி அறையில், தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வந்த பன்னிரண்டு பேருடன் உட்கார்ந்திருந்தேன். வழக்கமான சிக்கல்கள் வந்தன. ஒருவர் பேச்சுப் பக்கத்தில் கையொப்பம் இடாமல் எழுதிவிட்டார். இன்னொருவர் எழுதிப் பழகும் இடமான மணல்தொட்டியில் எழுதிவைத்துவிட்டு, கட்டுரை வெளியாகிவிட்டது என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். இவையெல்லாம் ஐந்து நிமிடத்தில் தீர்கிறவை. தீராதது ‘முன்னிலையாக்கம்’ என்ற சொல், அதாவது ஒருவர் செய்த மாற்றத்தை எடுத்துவிட்டுப் பக்கத்தை முன்பிருந்த நிலைக்குத் திருப்புவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர். அதைப் பற்றியே இந்த மடல்.

ஒரு மாணவி தன் ஊர்க் கண்மாயைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தார். எத்தனை மடை, கலுங்கு எந்தப் பக்கம், கடைசியாக எப்போது மறுகால் பாய்ந்தது என்று எல்லாம் அவருடைய தாத்தா சொன்னவை. தமிழ்த் தட்டச்சு அவருக்கு அன்றுதான் அறிமுகம். ஒற்றை விரலால் ஓர் எழுத்து, நிமிர்ந்து திரையைப் பார்ப்பது, மறுபடி ஓர் எழுத்து என்று முக்கால் மணி நேரம் எடுத்தது. பதிப்பித்துவிட்டு, பக்கத்தில் இருந்த தோழியைக் கூப்பிட்டுக் காட்டினார். தோழி படித்து முடித்த கொஞ்ச நேரத்தில் பத்தி காணவில்லை. சான்று இல்லை என்பதற்காக யாரோ ஒரு பொறுப்பான பயனர் எடுத்திருந்தார். விதிப்படி அவர் செய்தது சரி. மாணவி என்னிடம் கேட்டது இதுதான்: “சார், நான் எழுதியதை அழித்துவிட்டார்கள். முன்னிலையாக்கப்பட்டது என்று போட்டிருக்கிறதே, யார் முன்னிலையில்?”

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் தவறாகப் படிக்கவில்லை. திருமண அழைப்பிதழிலும் கோயில் விழாச் சுவரொட்டியிலும் ‘தலைமை’ என்று ஒரு வரி, ‘முன்னிலை’ என்று அடுத்த வரி. வாக்கு எண்ணிக்கை நாளில் ஒரு வேட்பாளர் முன்னிலை. பள்ளியில் தன்மை, முன்னிலை, படர்க்கை. இத்தனை முன்னிலைகளோடு வளர்ந்த ஒருவரிடம், ‘பக்கம் முன்பிருந்த நிலைக்குத் திரும்பியது’ என்று இந்தச் சொல் எப்படிப் போய்ச் சேரும்?

வரலாறு என்ற தாவலைத் திறந்து, அவருடைய பெயர் இருந்த வரியில் நாளையும் நேரத்தையும் அழுத்திக் காட்டினேன். பத்தி முழுவதும் இருந்தது, கலுங்கு என்ற சொல் உட்பட. இரண்டு முறை படித்தார். “அப்படியென்றால் எடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்” என்றார். அதன் பிறகுதான் முகம் தெளிந்தது.

விக்கிப்பீடியாவில் ஒரு தொகுப்பை, அதாவது பக்கத்தில் ஒருவர் செய்த மாற்றத்தை, எடுப்பது வேறு, ஒரு பக்கத்தையே நீக்குவது வேறு என்பது நமக்குத் தெரியும். நீக்குவது நிர்வாகிகளால் மட்டும் முடியும். தொகுப்பை எடுப்பது யாராலும் முடியும், எடுத்த பிறகும் அது வரலாற்றில் நிற்கும். அப்படி நின்றாக வேண்டும் என்பதற்கு உரிமம் சார்ந்த காரணமும் உண்டு. எழுதியவர் யார் என்று காட்டுவது கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தின் அடிப்படை, அதைக் காட்டுகிற இடம் வரலாற்றுப் பக்கம். ஆகவே ‘அழித்துவிட்டார்கள்’ என்று ஒருவர் நினைக்கும்போது, நடக்காத ஒன்றுக்காக அவர் மனம் உடைகிறது. அந்த நினைப்பைத் தடுக்கிற சொல் வேண்டும்.

மூன்று சொற்களை எண்ணிப் பார்த்தேன்.

‘பிரித்தல்’. தையலைப் பிரித்தால் துணி கெடுவதில்லை. செல்லூர்த் தறிகளிலும் தப்பாக ஓடிய ஊடையைப் பிரித்துவிட்டு மறுபடி நெய்கிறார்கள். ஆனால், நீண்ட கட்டுரையை இரண்டாக்குவதைக் கட்டுரையைப் பிரித்தல் என்றுதான் நாம் சொல்கிறோம். இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

‘பழையபடியாக்குதல்’. ‘எடுத்ததைப் பழையபடி வை’ என்று சொல்லாத வீடு கிடையாது. படி என்றால் விதம், படி என்றால் பிரதி. ஏட்டுப்படி, கையெழுத்துப்படி என்கிறோம். இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன.

‘விலக்குதல்’. எனக்குப் பிடித்தது இதுதான். நம் பக்கத்தில் நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் பாதை பிரிகிற இடத்தை விலக்கு என்கிறோம், பஸ் டிக்கெட் கேட்கும்போதும் ஊர்ப்பெயரோடு அதைச் சேர்த்தே கேட்கிறோம். பெரிய சாலையில் அந்த ஊர் இல்லை, ஆனால் இறங்கி நடந்தால் இருக்கிறது. வரலாற்றுப் பக்கத்தில் கிடக்கும் தொகுப்பும் அப்படித்தான். ‘உங்கள் தொகுப்பு விலக்கப்பட்டது’ என்று எழுதலாமா?

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

*

மறுமொழி: மேலூரிலிருந்து

தம்பிக்கு,

முன்னிலை பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. வேறுபடுத்திக் காட்ட ‘முன்நிலை’ என்று எழுதிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். முன் என்பதோடு நிலை சேர்ந்தால் முன்னிலைதான். புணர்ச்சியை உடைத்துப் பொருளைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தால், அந்தச் சொல் அந்த இடத்துக்கு உரியதல்ல என்றே பொருள். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், ‘முன்’ என்ற சொல்லே காலத்தில் பின்னாலும் இடத்தில் எதிரிலும் காட்டும். மாணவர்கள் அதில் எப்போதும் தடுமாறுவார்கள்.

ஆனால் ‘விலக்கு’ வேண்டாம். நீங்கள் பஸ் நிறுத்தத்தை நினைக்கிறீர்கள். நான் படித்ததும் நினைத்தது ஊர்விலக்கத்தை. ஒரு குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, கடையில் பொருள் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போடுவதைச் செய்தித்தாளில் இன்றும் படிக்கிறோம். ‘தள்ளிவைத்தல்’ என்பதும் அதே குடும்பம். முதல் நாள் எழுத வந்த பிள்ளையிடம் ‘விலக்கப்பட்டது’ என்று சொல்லாதீர்கள், அதுவும் நம் மாவட்டத்தில்.

உங்களுக்கு வேண்டிய சொல் உங்கள் மடலிலேயே இருக்கிறது, தம்பி. அந்தப் பெண் முதலில் ‘அழித்துவிட்டார்கள்’ என்றாள். பிறகு ‘எடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்’ என்றாள். இரண்டுக்கும் நடுவில் மாறியது துணைவினை. விடு என்பது முடிந்துபோனதைச் சொல்லும்: உடைந்துவிட்டது, போய்விட்டது. வை என்பது பின்னால் ஒரு தேவை வரும் என்று இப்போதே செய்வதைச் சொல்லும்: தண்ணீர் வரும்போது பிடித்துவை, கடைக்காரரிடம் சொல்லிவை, விதைநெல்லை எடுத்துவை. விதைநெல்லைக் குதிரில் எடுத்துவைத்தால் அது வீட்டில் சோறாகாது. ஆனால் அடுத்த போகத்துக்கு அதுதான் முதல்.

வரலாற்றுப் பக்கம் செய்கிற வேலையை இவ்வளவு கச்சிதமாகத் தமிழ் இலக்கணம் ஓர் எழுத்தில் வைத்திருக்கும்போது நாம் வேறெங்கும் போக வேண்டாம். உ.வே.சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தபோது, தாம் நூலுக்குள் ஏற்காத பாடங்களையும் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் காட்டினார். ஏற்கவில்லை, ஆனால் எடுத்துவைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்துச் சரியான பாடத்தைத் தேட முடிந்தது.

என் பரிந்துரை: எடுத்துவை, எடுத்துவைப்பு, எடுத்துவைக்கப்பட்டது.

அன்புடன்,
மேலூர்

*

மறுமொழி: திண்டுக்கல்லிலிருந்து

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம்.

நான் அண்மைய மாற்றங்களை நாள்தோறும் பார்த்து விசமத் தொகுப்புகளைச் சரிசெய்கிறவன். மூன்று இடையூறுகள் தெரிகின்றன.

ஒன்று, எல்லாமே வரலாற்றில் இருக்கும் என்று உறுதி கொடுக்க முடியாது. வேறு இணையதளத்திலிருந்து பதிப்புரிமை உள்ள பத்தியை அப்படியே நகலெடுத்து ஒட்டினால், அந்தத் திருத்தத்தையே நிர்வாகிகள் மறைத்துவிட முடியும். புதியவர்கள் அதிகம் மாட்டுகிற இடம் அதுதான். அங்கே ‘எடுத்துவைத்தோம்’ என்பது பொய்யாகிவிடும்.

இரண்டு, ஒரு தலைவரின் பக்கத்தில் வசைச்சொல்லை நிரப்பிவிட்டுப் போகிறவருக்கும் ‘எடுத்துவைத்திருக்கிறோம்’ என்றா சொல்வது? எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளிதழ்களில் ‘வாதத்தை எடுத்துவைத்தார்’ என்று வேறு வருகிறது. ஆனால் தொகுப்பு என்ற சொல் பக்கத்தில் நிற்பதால் அந்தக் குழப்பம் பெரிதாகாது.

மூன்று, இடைமுகத்தில் போட வேண்டுமென்றால் சொல் பல வேடம் போட வேண்டும். பொத்தானில் ஏவல், செயல்களைக் குறித்துவைக்கும் பதிகையில் பெயர், மாற்றத்தின் காரணத்தை எழுதும் சுருக்கத்தில் செயப்பாட்டு வினை. பயனர்பெயர் வரும் இடத்தில் ஒரு குறியீடுதான் இருக்கும், அதோடு வேற்றுமை உருபை ஒட்ட முடியாது. ‘என்பவர்’ என்று ஒன்றைச் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே நீளும் வரி கைப்பேசித் திரையில் மூன்றாக மடிகிறது. அதனால் சொல் குறுகியதாக இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் ஒரே செயலைப் பற்றிப் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருக்கிறோம். கருவிகள் இரண்டு. ஒன்று, வரலாற்றில் ஏதாவது ஒரு தொகுப்பை மட்டும் எடுப்பது. அதற்குப் பின் வந்த மாற்றங்கள் அந்த இடத்தைத் தொடாதவரை, நடுவில் உள்ளதைக்கூட எடுக்கலாம். மற்றது, கடைசியாக வந்த பயனர் அடுத்தடுத்துச் செய்த அத்தனையையும் ஒரே சொடுக்கில் எடுத்து, அவருக்கு முந்தியவரின் பதிப்புக்குப் பக்கத்தைக் கொண்டுபோவது. இதற்குத் தனி அணுக்கம், அதாவது அனுமதி, வேண்டும். அண்ணனின் ‘பழையபடி’ இரண்டாவதற்குப் பொருந்துகிறது. முதலாவதற்குப் பொருந்தாது, ஏனென்றால் நடுவில் ஒன்றை எடுத்தால் பக்கம் பழையபடி ஆவதில்லை.

அந்த அணுக்கம் உள்ளவர்களை முன்னிலையாக்கர் என்கிறோம். சொல்லை மாற்றினால் அவர்களை என்ன சொல்வது?

*

மறுமொழி: மதுரையிலிருந்து

அம்மாவுக்கும் தம்பிக்கும் நன்றி.

விலக்கு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். எனக்குப் பஸ் நிறுத்தம் தெரிந்தது, ஊர்க்கட்டுப்பாடு தெரியவில்லை. அந்தக் கொடுமைக்கு ஆளான ஒரு வீட்டிலிருந்து நாளைக்கு ஒரு பிள்ளை வந்து என் பக்கத்தில் உட்காரலாம்.

திண்டுக்கல் தம்பி இரண்டு கருவிகளைப் பிரித்துக் காட்டியதும் எனக்கு வழி தெரிந்தது. பக்கத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது பழையபடி ஆகிறது. எழுதியவரின் பக்கம் நின்று பார்த்தால் அவருடைய தொகுப்பு எடுத்துவைக்கப்படுகிறது. விசமத் தொகுப்பில் நமக்குப் பக்கம்தான் முக்கியம். நல்லெண்ணத்தோடு எழுதியவரிடத்தில் எழுதியவர் முக்கியம். ஆகவே ஒரே சொடுக்கில் பின்னோக்கிப் போகும் கருவிக்குப் ‘பழையபடியாக்கு’, ஒரு தொகுப்பை மட்டும் எடுக்கும் கருவிக்கு ‘எடுத்துவை’. வசை எழுதியவருக்கு நாம் விதைநெல் மரியாதை கொடுக்க வேண்டியதில்லை.

பதிப்புரிமை மீறலுக்கு இரண்டும் வேண்டாம். ‘மறைக்கப்பட்டது’ என்று நேராகச் சொல்லிவிட்டு, சொந்த நடையில் எழுதிவரச் சொல்வோம். அங்கே இதமான சொல் கொடுத்தால் அதே தவறை மறுவாரமும் செய்வார்கள்.

முன்னிலையாக்கர் என்ற பெயர் இருக்கட்டும். அது பழகியவர்கள் தங்களுக்குள் புழங்கும் பெயர். பல ஆண்டு உழைத்தவர்களின் பயனர் பக்கங்களில் இருக்கிறது. புதியவர் கண்ணில் படுகிற பொத்தானும் சுருக்க வரியும் மாறினால் போதும்.

நமக்கு முன்னால் இருந்தவர்கள் இப்படித் துணிந்திருக்கிறார்கள். பொது உரையாடல் பக்கத்துக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள பெயரை அப்படியே தமிழில் கொண்டுவந்தால் குழாயடி என்றுதான் ஆகும். குழாயடிச் சண்டை என்ற சொல்லோடு வளர்ந்த நம்மை அங்கே உட்காரவைத்து என்ன பேசச் சொல்வது? ஆலமரத்தடி என்று வைத்தார்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் அதுதான். பெயரைக் கேட்டதும் அங்கே எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்துவிடுகிறது.

இடைமுக மொழிபெயர்ப்புத் தளத்துக்கு உடனே போக வேண்டாம் என்று நினைக்கிறேன். அங்கே மாற்றினால் தமிழ் விக்கிமூலம், விக்சனரி எல்லாவற்றிலும் மாறும். முதலில் நாமே சுருக்கப் பெட்டியில் கையால் எழுதிப் பழகுவோம். புதியவர் மறுபடி வந்து எழுதுகிறாரா என்று இரண்டு மாதம் பார்ப்போம். பிறகு ஆலமரத்தடியில் முன்வைப்போம்.

நேற்று முதல் முறையாக எழுதினேன். யாரோ ஒரு புதிய பயனர், அழகர்கோவில் பற்றி நான்கு வரி, சான்று இல்லை. நான் இட்ட சுருக்கம்: ‘நீங்கள் எழுதிய நான்கு வரிகளை எடுத்துவைத்திருக்கிறேன், வரலாறு பக்கத்தில் இருக்கின்றன. நூலோ நாளிதழோ ஒரு சான்று கிடைத்ததும் அங்கிருந்து எடுத்துத் திரும்பச் சேருங்கள்.’ தம்பி, கைப்பேசியில் மூன்று வரியாகத்தான் மடிந்தது. குறைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் குறைத்துத் தாருங்கள், ‘வை’ மட்டும் போகாமல்.

கண்மாய் மாணவி நேற்று மாலை எழுதியிருந்தார். தாத்தா சொன்னதில் மடைகளின் எண்ணிக்கைக்கு ஒரு பழைய அரசு ஆவணத்தில் சான்று கிடைத்திருக்கிறதாம். மறுகால் பாய்ந்த ஆண்டுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் வரலாற்றிலேயே இருக்க விட்டிருக்கிறார்.

அன்புடன்,
மதுரை