புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சைக்காக லாட்ஜில் தங்கியவர்கள்: கண்ணில் பட்டு, மனசை விட்டுப் போகாத ஒன்று

செல்வி_காட்பாடி:
வேலூர் காந்தி ரோடு லாட்ஜ், ராத்திரி 2 மணி. பக்கத்து ரூம் அம்மாவுக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கீமோ ஏறி 10ஆம் நாள். மகன் கையில் பாரசிட்டமால் அட்டை. "காலைல ஓபில காட்டிக்கலாம்க்கா" என்கிறான். தெர்மாமீட்டரில் 101.2. பெரும்பாலான கீமோவுக்கு 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள்தான் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்தில் கிடக்கும். அப்போது 100.4 தொட்டாலே நேரே கேஷுவாலிட்டி (அவசரப் பிரிவு). மாத்திரையில் சூடுதான் தணியும், கிருமி அப்படியே இருக்கும். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தை "கீமோ போட்டு 10 நாள்" என்று வரணும். இல்லாவிட்டால் சாதாக் காய்ச்சல் வரிசையில் உட்கார வேண்டியதுதான்.

ரவி_ஆரணி:
நான் பார்த்தது, அடுப்பு சொருகிய பிளக் உருகி ரூம் முழுக்கப் புகை. லாட்ஜ்காரரைத் திட்டினார்கள். அவர் என்ன செய்வார்? 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், கட்டில் பக்கம் இருப்பதோ 6 ஆம்பியர் சாக்கெட். 1 லிட்டர் ரைஸ் குக்கர் வாங்குங்கள், 400 வாட்தான். கஞ்சி, குழைந்த பருப்பு சாதம், முட்டை எல்லாம் அதிலேயே ஆகும். லாட்ஜில் சமைக்க விடுவார்களா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மீனா.கே:
ரவி சார், குக்கர் சரி. ஆனால் குமட்டலில் கிடப்பவர் தலைமாட்டிலா பருப்பு வேகவைப்பது? அந்த வாசனைக்கே ஓங்கரிப்பார். வராண்டாவில் வைத்துச் சமைத்து, ஆறவிட்டுக் கொடுங்கள். சூடு குறைந்தால் வாசனையும் குறையும்.
வாய்ப்புண்ணுக்கு, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 1 டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் சமையல் சோடா. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும் கொப்பளித்துத் துப்பணும். தினமும் புதிதாகக் கலக்கணும். கடையில் பேக்கிங் பவுடரை நீட்டுவார்கள், அது வேறு, வேண்டாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் புண்ணில் நெருப்பாக எரியும்.

பாஸ்கர்_ஜோலார்பேட்டை:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். புற்றுநோயாளிகளுக்கான ரயில் சலுகை ஃபாரத்தில் டாக்டர் கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தும் கவுண்டரில் ஒரு பெங்காலிப் பெரியவரைத் திருப்பி அனுப்பினார்கள். எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் என்ற இடம் காலி! ஸ்லீப்பர், தேர்ட் ஏசியில் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுசும் தள்ளுபடி, துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம். வார்டை விட்டு இறங்கும் முன் அந்த இரண்டு ஸ்டேஷன் பெயரையும் எழுதி வாங்கிவிடுங்கள்.