புதுப்பிப்பு: அக்கா தம்பி சண்டைக்குக் கரண்டி வைத்தியம் பலித்தது

மூன்று வாரத்துக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன்: 9 வயது மகளும் 6 வயது மகனும் சண்டை போட்டால் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழுவதே இல்லை என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டைமர் வைத்து ஆளுக்கு 2 நிமிடம் என்ற யோசனை சரிவரவில்லை. மகள் குற்றப்பத்திரிகை வாசித்தாள். தம்பி டைமரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பலித்தது கரண்டிதான். மரக்கரண்டி கையில் இருப்பவர் மட்டுமே பேசலாம். கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் "ஆமா, அதேதான்" என்று ஒப்புக்கொண்டால்தான் கரண்டி கைமாறும். முதல் நாள் அவள், "என் ஸ்கெட்ச் பேனாவை மூடாம வச்சுட்டே, காய்ஞ்சு போச்சு" என்றாள். அவன் திருப்பிச் சொன்னது: "அக்காவுக்கு என்னைப் பிடிக்கல." நாலாவது முறைதான் அவன் பதிலில் பேனா வந்தது. அதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்று, கோபம் உச்சத்தில் இருக்கும்போது கரண்டியைக் கொடுக்காதீர்கள். அடிக்கத்தான் பயன்படும் (அனுபவம்). தண்ணீர் குடிக்கவைத்து, 10 நிமிடம் கழித்துக் கொடுங்கள். அப்புறம், சின்னவனுக்கு ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம்தான் மனதில் நிற்கிறது. அதனால் அக்கா சுருக்கமாகப் பேசப் பழகிவிட்டாள்.

சண்டையின் எண்ணிக்கை குறையவில்லை, சீக்கிரம் முடிகிறது. எதிர்பாராதது: போன ஞாயிறு கரண்ட் பில் விஷயமாக நானும் கணவரும் குரல் உயர்த்தியபோது, மகன் கரண்டியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான்.