சிவிங்கிப்புலியை வீட்டில் வளர்த்தால் என்ன தப்பு?

ராஜ்குமார்: துபாயில் ஒருவர் காரின் முன் இருக்கையில் சிவிங்கிப்புலியை, அதாவது சீட்டாவை, உட்கார வைத்து ஓட்டிப் போகும் வீடியோ பார்த்தேன். கீழே எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். எனக்கென்னவோ தப்பாகத் தெரியவில்லை. பெரிய பூனைகளில் மனிதனோடு நன்றாகப் பழகுவது இதுதான். கர்ஜிக்காது; தடவிக் கொடுத்தால் வீட்டுப் பூனை போலக் குர்குர் என்னும். அக்பரே ஆயிரம் வளர்த்திருக்கிறார். வசதியுள்ளவர் வளர்க்கட்டுமே!

நிலவன்: அக்பரையே எடுத்துக்கொள்வோம் நண்பரே. அவை அரண்மனையில் பிறந்தவை அல்ல, காட்டில் பிடித்தவை. அவ்வளவு கவனிப்பிலும் குட்டி போடவில்லை. ஒரே ஒரு தடவை போட்டதை, 1613 வாக்கில், அவர் மகன் ஜஹாங்கீர் அதிசயமாக எழுதி வைத்தார். அப்புறம் அடைப்பில் குட்டி பிறந்ததாகப் பதிவாவது 1956-ல், பிலடெல்பியா மிருகக்காட்சி சாலையில். ஒன்று செத்தால் இன்னொன்றைக் காட்டில்தான் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்துப் பிடித்தே இங்கே இனம் மெலிந்தது, வேட்டையும் சேர்ந்துகொண்டது. 1952-ல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவித்துவிட்டார்கள்.

ராஜ்குமார்: அது பழைய கதை சார். இப்போது தென்னாப்பிரிக்காவில் அடைப்பிலேயே குட்டிகள் பிறக்கின்றன. நாயும் ஒரு காலத்தில் ஓநாய்தானே?

செல்வி (கால்நடை மருத்துவர்): நாய் அப்படி மாற பல ஆயிரம் வருடம் ஆனது, தலைமுறை தலைமுறையாகச் சாதுவானவை மட்டும் மனிதனோடு தங்கின. சிவிங்கிப்புலிக்கு அது நடக்கவே இல்லை. மடியில் படுத்திருந்தாலும், ஒரு குழந்தை ஓடினால் அதன் கண் உடனே அங்கே போகும். ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். முன்னங்காலின் உள்பக்கம் ஒரு கொக்கி நகம் உண்டு. மானின் காலை வாரிவிடுவது அதை வைத்துத்தான். விளையாட்டாகத் தட்டினாலும் தையல் போட வேண்டி வரும்.

அதைவிட, அதன் உடம்பை நினைத்தால்தான் வேதனை. எலும்பில்லாத கோழிக்கறியை மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் போதாமல் கால் வளைந்துவிடும். நல்ல மிருகக்காட்சி சாலைகளில்கூட இரைப்பை அழற்சியும் சிறுநீரக நோயும் இவற்றை வாட்டுகின்றன.

ராஜ்குமார்: சரி மேடம், ஆனால் அமெரிக்க மிருகக்காட்சி சாலைகளில் நாயோடு சேர்த்து வளர்க்கிறார்களே? அமைதியாகத்தானே இருக்கின்றன?

செல்வி: இயல்பிலேயே மிரளும் விலங்கு என்பதால்தான் துணைக்கு நாய். அதைப் பார்த்துக்கொள்ள முழுநேரப் பராமரிப்பாளர்களும் இருக்கிறார்கள்.

நிலவன்: வளைகுடாவுக்குப் போகும் குட்டிகளில் பல கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் உள்ள சோமாலிலாந்து வழியாகக் கடத்தப்படுபவை. பால் மறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் படகில் ஏற்றுகிறார்கள். பல வழியிலேயே செத்துப்போகின்றன. உலகக் காடுகளில் மிஞ்சியிருப்பதே சுமார் 7,000. ஐக்கிய அரபு அமீரகமே தனியார் இவற்றை வளர்க்க 2016-ம் வருடச் சட்டத்தில் தடை போட்டுவிட்டது.

ராஜ்குமார்: கடத்தலை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் பிடிபட்ட குட்டிகளை என்ன செய்வது? அதையாவது ஒரு நல்ல வீட்டில் விடலாமே?

செல்வி: வீட்டுக்குக் கொடுத்தால் அடுத்த குட்டிக்கும் கிராக்கி வந்துவிடும், தம்பி. அவற்றுக்குச் சோமாலிலாந்திலேயே காப்பகம் இருக்கிறது. காட்டில் தாய் ஒன்றரை வருடம் கூடவே வைத்துக்கொண்டு வேட்டை பழக்கும். அது கிடைக்காத குட்டியைக் காட்டில் விட்டால் பிழைப்பது கஷ்டம். அதனால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் காப்பகத்தில்தான்.